உப்புப் பார்க்காத சமையல்

ஹொஸ்டலில் சோற்றுப் பார்சலைப் பிரித்ததும், வாயில் வைக்குமுன் அதை என் மூக்குக்குக் கீழே நீட்டுவீர்களே, நினைவிருக்கிறதா? "மூக்கா, இது திங்கலாமா?" நான் ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுச் சொல்வேன். பருப்பு சரி. கத்தரிக்காய் நேற்றையது. சம்பலைத் தொடாதீர்கள். ஒரு நாளும் பிசகியதில்லை. இந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம் "வீட்ல கேட்டரிங் செய்றோம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

போன மாதம் நம்மில் ஒருவனின் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தபோதும் அதே கேள்வி வந்தது. தொப்பை எட்டிப் பார்க்கிறவனெல்லாம் "மூக்கா, வாசம் பாருடா" என்று தட்டை நீட்டினான். சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்பியது அன்றிலிருந்து உறுத்துகிறது. ஆகையால் எழுதுகிறேன். நீங்கள் அறிந்த மூக்கு அது. அது ஒரு தடவை பொய் சொன்னது. இன்னொரு தடவை வாய் திறக்காமல் இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அக்காவுக்குப் பதினாறு, ஓ.எல். பொதுப் பரீட்சை எழுதும் வருடம். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் இரண்டு அறை வாடகை வீடு. பின்னால் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு, அதுதான் சமையல் கூடம். அப்பா த்ரீவீல் ஓட்டினார். பஸ் போர்டுகளைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். அம்மா தெல்தெனியப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கையெழுத்து மட்டும் போடுவார்.

தொழில் ஆரம்பித்தது அதற்கு முந்தைய வருடம், ஒரு தானத்தில். அப்பாவின் த்ரீவீலில் வழக்கமாகப் போகும் ஓய்வுபெற்ற சிங்கள டீச்சர் ஒருவர் இருந்தார். நாங்கள் டீச்சர் நோனா என்போம். அவருடைய கணவர் இறந்து மூன்றாம் மாதத் தானத்துக்குப் பிக்குமார் சாப்பிட வர இருந்த நேரம் பார்த்து, அவர் சொல்லி வைத்த சமையல்காரன் படுத்துவிட்டான். அப்பா முந்திக்கொண்டு "எங்க வீட்டுக்காரி சமைப்பா நோனா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அம்மா திட்டிக்கொண்டே சமைத்தார்.

அம்மாவின் சமையலில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துக் கோயிலில் படையலுக்குச் சமைத்துப் பழகிய கை. சாமிக்கு வைப்பதை முதலில் மனுச வாயில் வைக்கக்கூடாது. ஆகவே உப்புக்கூடப் பார்க்கமாட்டார். அகப்பையால் ஒரு கிண்டு கிண்டி, ஆவியை முகத்தில் வாங்கி, கண்ணை மூடி ஒரு நொடி நிற்பார். "உப்பு காணாது" என்பார். இன்னும் கொஞ்சம் போடுவார். திரும்ப ஆவி. "ம்." அந்த 'ம்'முக்குப் பிறகு அந்தச் சட்டியில் யாரும் குறை சொன்னதில்லை. உப்புப் போட்ட பருப்பின் வாசமும் போடாத பருப்பின் வாசமும் வேறு வேறு என்று சொல்வார். அது உண்மைதான். எனக்குத் தெரியும்.

டீச்சர் நோனா வீட்டில் அன்று அப்பா பெருமையாக அறிவித்தார். "இந்துல் நே, நோனா. எச்சில் படல. சாமிக்குப் போலத்தான் சமைச்சிருக்கா." நோனா தலையசைத்தார். அந்தத் தலையசைப்புத்தான் எங்கள் தொழிலின் மூலதனம் என்று அப்பா சாகும்வரை நம்பினார். அடுத்த வாரமே ஒரு போர்டு எழுதுவித்துக் கொண்டுவந்து கேட்டில் மாட்டினார். சிங்களத்திலும் தமிழிலும். 'எச்சில் படாத சைவச் சாப்பாடு.' அதற்குக் கீழே டெலிபோன் நம்பர்.

ஓடர்கள் வந்தன. தானம், கோயில் அன்னதானம், சாமத்தியச் சடங்கு, கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்கு மத்தியானப் பார்சல். ஒரு வருடத்துக்குள் அப்பா ஒரு பழைய வேன் வாங்கினார். பெரிய சமையல் கிடாரங்கள் மட்டும் சொந்தமாக இல்லை. அலவத்துகொடையில் கிடாரம் வாடகைக்குக் கொடுக்கும் முஸ்லிம் நானா ஒருவர் அவற்றை ஏற்றிவருவார். அவரும் ஒரு காலத்தில் கோக்கியாக, சமையல்காரராக இருந்தவர். அம்மா ருசி பார்க்காமல் சமைப்பதைப் பார்த்துவிட்டு முதல் நாளே வாயில் விரலை வைத்தார்.

"என்ன தங்கச்சி இது? நாங்கெல்லாம் அரைக் கிடாரத்தத் தின்னு பாத்துட்டுத்தான் மிச்சத்த ஊட்டுக்காரங்களுக்கு அனுப்புற. நீங்க செய்றது கண்ணக் கட்டிக்கிட்டு லொறி ஓட்டுற மாதிரியெல்லோ ஈக்கிது."

"எங்களுக்குக் கண்ணு மூக்குலதான் நானா இருக்கு" என்றார் அம்மா. நானா விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும்.

ஆனி மாத மழையில், சாய்ப்புக்கு வெளியே பாத்திரம் கழுவும் சீமெந்துத் தரையில் அம்மா வழுக்கி விழுந்தார். பின்மண்டை தரையில் பட்ட சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. தேங்காயை வாசலில் போட்டது போல. ரத்தம் அதிகமில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். மறுநாள் ஒரு சாமத்தியச் சடங்கு ஓடர். "தையல் போடுற காயமில்லையே. ஓடர் முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் அப்பா. அம்மாவும் சரி என்றார். மண்டையில் மஞ்சளும் ஈரத்துணியும் வைத்துக் கட்டிக்கொண்டு சமைத்தார். அந்த ஓடர் முடிந்ததும் இன்னொன்று வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை.

நாலாம் நாள். நான் சாய்ப்பு வாசலில் உட்கார்ந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சிக் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். பருப்பு அடிப்பிடிக்கும் வாசம். நிமிர்ந்து பார்த்தால் அம்மா அதே பருப்புக் கிடாரத்தின் மேல் குனிந்து நிதானமாகக் கிண்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே இருந்து அக்கா ஓடிவந்தாள்.

"அம்மா! கருகுது!"

அம்மா அகப்பையைப் போட்டார். கேஸை அணைத்தார். பிறகு சுவர்த் தட்டிலிருந்த பெருங்காய டின்னை எடுத்து, மூடியைத் திறந்து, மூக்குக்குள் போய்விடுமளவு கிட்ட வைத்தார். மூடினார். திரும்பவும் திறந்தார். டின்னைத் திருப்பி அது பெருங்காயந்தானா என்று பார்த்தார். நாலைந்து தடவை. அம்மாவின் முகத்தில் நான் அதுவரை பயத்தைப் பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் அக்கா பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளக்கினாள். விஞ்ஞானம் அவளுக்கு உயிர்.

"இந்தா பாருங்க. மூக்குக்கு மேல இந்த எலும்புல சின்னச் சின்ன ஓட்ட. நரம்பு இதுக்குள்ளாலதான் மூளைக்குப் போகுது. அம்மா விழுந்தப்போ அது அறுந்திருக்கும்."

"படிச்ச புள்ள பேச்சப் பாருடி" என்று அப்பா அம்மாவைத் தட்டினார். பூரித்துப்போயிருந்தார்.

"ஆனா நாக்கு வேற, மூக்கு வேற. உப்பும் புளிப்பும் நாக்குக்குத்தான். அம்மா ஒரு சொட்டு நாக்குல வச்சாப் போதும், உப்பு தெரிஞ்சிரும்."

"ஆமாங்க" என்றார் அம்மா, மெதுவாக. "காலையில ஒரு உப்புக் கல்ல வச்சுப் பாத்தேன். கரிச்சிச்சு."

அப்பாவின் முகம் மாறியது. "குழம்ப வச்சியா?"

"இல்ல, இல்ல. கல்லத்தான்."

"அந்தப் பேச்சே எடுக்காத. நம்மகிட்ட எதுக்கு வாறாங்க? கண்டியில கோக்கிக்குப் பஞ்சமா? எச்சில் படலன்னுதானே வாறாங்க! நீ கரண்டிய வாயில வச்சேன்னு ஒருத்தன் பாத்தாப் போதும். போர்டக் கழட்டிட்டு நா திரும்ப ஸ்டேண்டுல போய் நிக்க வேண்டியதுதான். புள்ளைங்களா, ஒங்கம்மாவுக்கு மூக்கு இல்லன்னு வெளிய ஒரு வார்த்த போகக்கூடாது. ஆமா."

பதினாறு வயதுப் பிள்ளை சரியான வழியைக் காட்டினாள். ஒரு கரண்டி. அவ்வளவுதான் தேவைப்பட்டது. பெரியவர்கள் அதைத் தள்ளிவிட்டு வேறு வழி தேடினார்கள். அப்பாவின் மூக்கைப் பீடி எப்போதோ தின்றுவிட்டது. வீட்டில் இன்னும் இரண்டு மூக்குகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாய்ப்பில் நாலு கோப்பைகள் வைக்கப்பட்டிருந்தன. இரண்டில் பருப்பு, ஒன்றில் உப்பு உண்டு, மற்றதில் இல்லை. இரண்டில் தேங்காய்ப்பால், ஒன்று அன்று பிழிந்தது, மற்றது புளித்துத் திரும்பத் தொடங்கியது. வாயில் வைக்கக்கூடாது. மணந்து பார்த்து எது எது என்று சொல்ல வேண்டும். அப்பா அதை ஒரு விளையாட்டுப் போலத்தான் நடத்தினார். "சொல்றவங்களுக்கு ஐஸ்கிறீம்!"

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

குனிந்தவுடனேயே தெரிந்துவிட்டது. உப்பில்லாத பருப்பு பச்சையாக, ஈரச் சாக்குப் போல மணந்தது. திரும்பிய பாலில் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைக்கும் நனைந்த துணியின் வாசம். கண்ணை மூடிக்கொண்டும் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. இந்தக் கோப்பைகளைச் சரியாகச் சொல்கிறவர் இனி இந்தச் சாய்ப்பை விட்டு நகர முடியாது. எங்கள் வகுப்பு ஆசிரியர் சேர், "நீ பாஸ் பண்ணி டவுன்ல பெரிய ஸ்கூலுக்குப் போவே" என்று போன வாரந்தான் என் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தார்.

"எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு" என்றேன்.

"இவனுக்கு எப்பவும் மூக்கடைப்பு" என்று அப்பா சிரித்தார்.

அக்கா வந்தாள். பின்னலை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். "இது உப்பு. இது இல்ல. இது இன்னைக்குப் பால். இது, சீ!" நாலும் சரி. வெற்றி பெற்றவளாகச் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பு மேடையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஐஸ்கிறீமில் பாதியை அக்கா எனக்குத் தந்தாள். தின்றேன்.

முதலில் பெரிய ஓடர் நாட்களில் மட்டுந்தான் பள்ளிக்குப் போகாமல் நின்றாள். பிறகு கிழமையில் இரண்டு நாள், மூன்று நாள். அம்மா கிண்டுவார், அக்கா பக்கத்தில் நின்று ஆவியை வாங்குவாள். வெளியாட்கள் இருந்தால் அக்கா அம்மாவின் முழங்கையைத் தொடுவாள். ஒரு தொடுகை என்றால் உப்பு காணாது. இரண்டு என்றால் போதும். உடனே அம்மா கண்ணை மூடி ஆவி வாங்குவது போல நின்று, "ம்" என்பார். பார்த்தவர்கள் மெய்மறந்தார்கள். வியாபாரம் இரட்டிப்பானது. அக்காவின் வரவு குறைந்துவிட்டது என்று பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அப்பா தலையைச் சொறிந்துவிட்டு, அன்றே கண்டிக்குப் போய் அவளுக்கு மூன்று பயிற்சிப் புத்தகங்கள் வாங்கி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அக்கா படிக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே ஆசைப்பட்டார், ஓடர் இல்லாத நாட்களில்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்கா புத்தகத்தில் காட்டியதையே டொக்டரும் சொன்னாராம். இனி வராது என்றாராம்.

நான் புலமைப்பரிசில் பாஸ் பண்ணினேன். அப்பா த்ரீவீலில் பலூன் கட்டி ஓட்டினார்.

டிசம்பர் வந்தது. ஓ.எல். பரீட்சை. விஞ்ஞானப் பாடம் நடக்கும் நாளிலேயே ஒரு பெரிய வீட்டுத் தானம் விழுந்தது. பிக்குமாருக்குப் பகல் தானம் நடுப்பகலுக்கு முன் முடிய வேண்டும். பத்து மணிக்கு வேன் புறப்பட்டாக வேண்டும். பரீட்சையோ எட்டரைக்கு. "ஏழுக்கெல்லாம் ஒன் வேல முடிஞ்சிரும் பாப்பா. ஏழரைக்கு த்ரீவீல்ல பறந்திருவோம்" என்று அப்பா சத்தியம் செய்தார்.

அக்கா வெள்ளைக் கவுனும் டையும் போட்டு, கவுனில் தெறிக்காமல் இருக்க அம்மாவின் பழைய சேலையை முன்னால் சுற்றிக்கொண்டு நின்றாள். பரீட்சை அனுமதி அட்டை நனைந்துவிடும் என்று தட்டில் பெருங்காய டின்னுக்கு அடியில் வைத்தாள். கிடாரம் கிடாரமாகப் போய் முகத்தைக் காட்டினாள். பருப்பு, கஜு முந்திரி, கத்தரிக்காய். பொலொஸ் என்கிற பிஞ்சுப் பலாக் கறிக்கு மட்டும் முதல் பால் ஊற்ற வேண்டியிருந்தது. வாசலில் த்ரீவீலின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கதவடியில் நின்றேன். பள்ளி விடுமுறை. என் பக்கத்தில்தான் பால் வாளி. கரும்பலகைத் துணியின் வாசம் வந்தது.

லேசாகத்தான், ஆனால் வந்தது. ஏதோ ஒரு பழுதான தேங்காய் சேர்ந்திருக்க வேண்டும். நான் சொல்லியிருக்கலாம். "இந்தப் பால் திரும்பிருச்சு. அக்கா, நீ போ, மிச்சத்த நா பாக்குறேன்." ஜனவரியில் எனக்குப் பெரிய ஸ்கூல். புதுச் சப்பாத்து அலுமாரிக்குள் பெட்டியோடு இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா வாளியைத் தூக்கினார். ஊற்றப்போகிற நேரத்தில் அக்கா கிட்ட வந்தாள். "அம்மா, ஊத்தாதீங்க!"

ஓடிப்போய்த் தேங்காய் வாங்கி, உடைத்து, துருவி, பிழிய வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு தேங்காயையும் உடைத்தவுடன் அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். "இது?" "சரி." "இது?" "சரி." அவள் கண் சுவர் மணிக்கூட்டிலேயே இருந்தது. பால் ஊற்றியதும் திரியாமல் கொதிக்கும்வரை ஆள் நிற்க வேண்டும். "அஞ்சே நிமிசம் பாப்பா" என்றார் அப்பா. பிறகும் "அஞ்சே நிமிசம்" என்றார்.

எட்டேமுக்கால் இருக்கும். அப்பா எழுந்து வெளியே போனார். எஞ்சினை நிறுத்தினார்.

அந்தச் சத்தம் நின்றதும் சாய்ப்பில் கறி கொதிக்கும் ஓசை மட்டும் கேட்டது. அக்கா டையைக் கழற்றி நாலாக மடித்தாள். அழவில்லை. "அடுத்த வருசம் எழுதலாம் பாப்பா. பரீட்ச எங்க ஓடிப்போகுது" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல். அக்கா அம்மாவின் முழங்கையை இரண்டு தடவை தொட்டாள். வெளியாட்கள் யாரும் அங்கே இல்லை.

அம்மா கண்ணை மூடவில்லை. "ம்" என்றும் சொல்லவில்லை. மூடியைப் போட்டார்.

அடுத்த வருடம் ஓடர்கள் இன்னும் அதிகம். அதற்கடுத்த வருடம் மண்டபங்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். வாடகை வீட்டையே அப்பா வாங்கினார், சாய்ப்பு இருந்த இடத்தில் சொந்தக் கட்டடம் வந்தது, சொந்தக் கிடாரங்கள் வந்தன, வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். பழைய தட்டைக் கழற்றியபோது டின்னுக்கு அடியில் அனுமதி அட்டை எண்ணெய் ஊறிக் கண்ணாடி போலாகி ஒட்டியிருந்ததாம். சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டார்கள். நாம் ஒன்றாகப் படித்த காலம் முழுக்க என் புத்தகம், சட்டை, பஸ், ஹொஸ்டல் எல்லாம் அந்தக் கூடத்திலிருந்து வந்தவைதான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்று என்னைச் சொல்கிறார்கள். படிப்பில் எனக்கு முன்னால் நின்றவள் ஒருத்தி உண்டு.

நம் இறுதி வருடத்துக்கு முன் அப்பா மாரடைப்பில் போனார். பொறுப்பு அக்காவிடம் வந்தது. பிறகு கொரோனா. கெம்பஸ் மூடி நாமெல்லாம் வீட்டில் இருந்தோமே, அப்போது எங்கள் வீட்டிலும் காய்ச்சல் வந்தது. முதலில் அக்காவுக்கு. எழுந்துவிட்டாள். தடைகள் கொஞ்சம் தளர்ந்ததும், டீச்சர் நோனா தன் கணவரின் வருடத் தானத்துக்குச் சொல்லி அனுப்பினார். அன்று காலை மாஸ்க் போட்டுக்கொண்டு அவரும் வந்து கதிரையில் உட்கார்ந்தார். மூலையில் அம்மா பலகையில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

அக்கா பெருங்காய டின்னை எடுத்தாள். திறந்தாள். மூக்குக்கு வைத்தாள். மூடினாள். திரும்பவும் திறந்தாள்.

இனி என் முறை என்று நினைத்தேன். கிட்டப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, நா பாக்குறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு சிரிப்பு. பிறகு கம்பியில் தொங்கிய கரண்டி ஒன்றை எடுத்தாள். பொலொஸ் கிடாரத்துக்குள் விட்டு, ஊதி, நோனாவுக்கு நேரேயே வாயில் வைத்தாள்.

"அடியேய்!" அம்மா எழுந்துவிட்டார். மடியிலிருந்த கறிவேப்பிலையெல்லாம் தரையில். "நோனா, மன்னிச்சுக்குங்க, புள்ளைக்குச் சுகமில்ல. இப்பவே இத ஊத்திட்டு வேற..."

நோனாவுக்கு என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை. விளங்கியதும் தன் உடைந்த தமிழில் சொன்னார்.

"ஏன் பயம்? நானும் வீட்டில் சமைக்கிறபோது பார்க்கிறது தானே. பிக்கு ஹாமுதுருமாருக்கு உப்பு இல்லாமல் குடுக்க ஏலுமா?"

"அந்த 'இந்துல் நே', எச்சில் படலங்கிறது..." என்றேன் நான்.

"ஆ, அது உங்க அப்பா எப்பவும் சொல்லுறது. பாவம், நல்ல மனுசன். நாங்களும் சரி சரி என்று தலையை ஆட்டுறது." அவர் கிடாரத்தைக் காட்டினார். "எங்களுக்கு இந்தப் பொலொஸ் தான் வேணும்."

அம்மா கையை நீட்டினார். அக்கா இன்னொரு கரண்டியில் கொஞ்சம் குழம்பெடுத்துக் கொடுத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, ஆலயத்தில் தீர்த்தம் வாங்குகிறவர் போல, அம்மா அதை நாக்கில் விட்டார்.

"உப்பு காணாது" என்றார்.

அக்கா உப்புப் போட்டாள். அம்மா திரும்பவும் நாக்கில் விட்டுப் பார்த்தார். "ம்." பிறகு பலகையில் உட்கார்ந்து, தரையில் சிந்திய இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். பொறுக்கி முடித்த பிறகும் தரையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அந்த மாதமும் அதற்குப் பிறகும் ஒரு ஓடர்கூடக் குறையவில்லை.

நோனா போன பிறகு, கிடாரத்தை இறக்கும்போதுதான் அக்கா சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

"கோப்ப வச்சாங்களே, அன்னைக்கு நீ மூக்கச் சுளிச்சே. பால் வாளிகிட்ட நின்னப்பவும் சுளிச்சே. ரெண்டு தடவையும் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒன்னயும் உக்கார வச்சிருப்பாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் போகட்டும்னு விட்டேன்." கைக்கு ஒரு துணியை எறிந்தாள். "அந்தக் காதப் புடி. சுடும்."

கிடாரத்தின் ஒரு காதை அவள் பிடித்தாள், மற்றதை நான். தூக்கியபோது மூடி விலகி, ஆவி எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. ரம்பை இலை, கறுவாப்பட்டை, வெந்த பிஞ்சுப் பலா. எனக்கு எல்லாம் மணந்தது. அவளுக்கு ஒன்றும் மணக்கவில்லை.